நூலகர் மே மாதம் ஓய்வு, புதியவர் ஜூனில்: கல்லூரி நூலகத்தில் பொறுப்பு ஒப்படைப்பை எப்படித் திட்டமிடுவது?

மூன்றாம் ரேக் (கேள்வி)

வணக்கம். அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரி நூலகம். சுமார் 48,000 நூல்கள், கோஹா (நூலக மேலாண்மை மென்பொருள்), ஆய்வேடுகளுக்குச் சிறிய டிஸ்பேஸ் மின்களஞ்சியம், என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவை). நூலகர் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். புதியவர் ஜூன் நடுவில்தான் சேருவார். ஆக, இருவரும் சேர்ந்து வேலை பார்க்கும் நாள் ஒன்றுகூட இல்லை. இடையில் இருப்பது ஓர் உதவி நூலகரும் ஓர் அட்டெண்டரும். இப்போது டிசம்பர்.

அலுவலகம் கேட்கும் ஒப்படைப்புப் பட்டியல் ஒரே பக்கம்: நூல் எண்ணிக்கை, மேசை, நாற்காலி, கணினி, சாவி. அது போதாது. எதிலிருந்து தொடங்குவது? ஸ்டாக் வெரிஃபிகேஷனை (நூல் இருப்பை எண்ணிச் சரிபார்ப்பதை) இவர் போகும் முன் முடிக்க வேண்டுமா, புதியவர் வந்த பிறகா? வந்தவருக்கு முதல் மாதம் என்ன வேலை கொடுப்பது?

சர்வர் ரூம்

எந்த ஓ.டி.பி. யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். என்-லிஸ்ட், டெல்நெட் (நூலகங்களின் வலையமைப்பு), பதிப்பாளர் தளங்கள், சர்வர் வாடகைக் கணக்கு, எஸ்.எம்.எஸ். சேவை எல்லாவற்றிலும் நூலகரின் சொந்த ஜிமெயிலும் சொந்த எண்ணும்தான் பதிவாகியிருக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகு மாற்றுவதென்றால் முதல்வர் கடிதம், பழைய மெயிலுக்குப் போகும் உறுதிப்படுத்தல், காத்திருப்பு என்று இழுக்கும். இப்போதே கல்லூரி டொமைனில் பதவிப் பெயரில் ஒரு முகவரி உருவாக்கி, ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுங்கள். கைப்பேசிக்கு நூலகத்தின் பெயரில் ஒரு சிம். ஏ.சி.இன், எடு.இன் டொமைன்களைப் பதிவு செய்வது எர்நெட் என்ற அமைப்பு. அந்தக் கணக்கு கம்ப்யூட்டர் துறையிடம் இருக்கிறதா, நூலகரிடமா என்றும் கேட்டு வையுங்கள்.

கூகுள் டிரைவ் கோப்புகள் அடுத்த பள்ளம். ஓய்வு பெற்றவரின் கல்லூரிக் கணக்கை அட்மின் நீக்கினால், 20 நாளுக்குள் மீட்காவிட்டால் கணக்கும் அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். "ஷேர் பண்ணியிருக்கேன்" என்பது போதாது, உரிமையாளர் அவரேதான். ஷேர்டு டிரைவுக்கு நகர்த்துங்கள்.

கோஹா: தினசரி பேக்கப் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) பேக்கேஜில் நிறுவியிருந்தால் அதே சர்வரின் ஸ்பூல் ஃபோல்டரில் விழும். வேறு அமைப்பு செய்யாதவரை 2 நாள் பிரதிதான் தங்கும். டிஸ்க் போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். வேறொரு இடத்துக்கு நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் ஒருமுறை ரெஸ்டோர் செய்து பாருங்கள். ரெஸ்டோர் ஆன பின் நூல் பதிவு இருக்கிறது, தேடினால் வரவில்லை என்றால் பதற வேண்டாம், தேடல் இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும். டிஸ்பேஸுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கோப்புகள் இருக்கும் அசெட்ஸ்டோர் ஃபோல்டர் இரண்டும் வேண்டும். டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் தலைப்பு வரும், பி.டி.எஃப். திறக்காது. அசெட்ஸ்டோர் மட்டும் இருந்தால் நீண்ட எண்களே பெயராக உள்ள கோப்புக் குவியல்தான் கையில். எது எந்த ஆய்வேடு என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ரெஸ்டோர் செய்த அந்தப் பிரதியை அழிக்காதீர்கள். புதியவர் பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. ஒன்றே ஒன்று: அதில் மெயிலும் எஸ்.எம்.எஸ்.ஸும் அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சிக்காக ஓவர்டியூ (கெடு தாண்டிய நூல்) வேலையை ஓட்டும்போது உண்மையான மாணவர்களுக்கு நோட்டீஸ் போகும்.

சிவப்பு மை

ஸ்டாக் வெரிஃபிகேஷன் இவர் போகும் முன்தான். எண்ணாத இருப்பில் புதியவர் கையெழுத்துப் போட்டால் இருபது வருட இழப்பு அவர் தலையில் விழும்; விவரம் தெரிந்த யாரும் போட மாட்டார். ஆனால் டிசம்பரில் எண்ண வேண்டாம். தேர்வுக்கு முன் நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்க மாணவர்கள் நூல்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஏப்ரல் நடுவில் தொடங்குங்கள். அப்போதுதான் அடுக்கு நிறைந்திருக்கும்.

கணக்கு இப்படி. ஒருவர் எடுத்துக்கொடுக்க, ஒருவர் ஸ்கேன் செய்ய, நூலுக்கு 8 முதல் 10 நொடி என்று வைத்தால் மணிக்கு 360 முதல் 450. நாளுக்கு 5 மணி நேரம் உருப்படியாக நடந்தால் சுமார் 2,000. 48,000 நூலுக்கு ஒரு ஜோடிக்கு 24 வேலை நாள், இரண்டு ஜோடிக்கு 12. ரேக்குக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள்; மொத்தத்தையும் ஒரே ஃபைலில் போட்டால் பிழை எந்த ரேக்கில் என்று தெரியாது. பார்கோடு பூஜ்யத்தில் தொடங்கினால் ஃபைலை எக்செலில் திறந்து சேமிக்கவே கூடாது. முன்னால் உள்ள பூஜ்யங்களை அது தின்றுவிடும், அத்தனை நூலும் "காணவில்லை" பட்டியலில் வரும்.

இழப்புக்கு அளவுகோலாக எல்லோரும் சொல்வது மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் மூன்றாண்டுக்குள் மாதிரிச் சரிபார்ப்பு. அனுமதிக்கும் இழப்பு ஆயிரத்துக்கு ஐந்து. இந்த ஆயிரத்தை மொத்த இருப்பாக எடுத்துக்கொண்டு 48,000க்கு 240 என்று போடுகிறார்கள், தவறு. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட, வாசிக்க எடுத்த நூல்களில்தான் ஆயிரத்துக்கு ஐந்து. ஆண்டுக்கு 12,000 என்றால் 60. அதுவும் நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதபோது மட்டும். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், என்ன விலையானாலும் அரிய நூலும் காணாமல் போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. உங்களுக்கு மாநில விதி அல்லது நிர்வாகக் குழுத் தீர்மானம் என்ன சொல்கிறது என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

துறை நூலகங்களை மறந்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் கையில் வருடக்கணக்காக இருக்கும் நூல்கள் காகிதத்தில் "வழங்கப்பட்டது" என்றே இருக்கும். சிலர் ஓய்வு பெற்றே போயிருப்பார்கள். ஜனவரியிலேயே பெயர்வாரிப் பட்டியல் எடுத்துத் துறைத்தலைவர் கையெழுத்து வாங்குங்கள். தள்ளுபடி செய்யும் நூலை கோஹாவில் டெலீட் செய்யக் கூடாது, வித்ட்ரான் (விலக்கப்பட்டது) என்று குறியுங்கள். அக்சஷன் ரெஜிஸ்டரின் (நூல் வரவுப் பதிவேட்டின்) குறிப்புக் கட்டத்தில் தீர்மான எண்ணும் நாளும் எழுதுங்கள்.

இடைவெளி இருப்பதால் ஒப்படைப்பு இரண்டு முறை நடக்கும்: மே 31ல் உதவி நூலகருக்கு, ஜூனில் அவரிடமிருந்து புதியவருக்கு. முதல்வரின் பொறுப்பு ஆணை இல்லாமல் உதவி நூலகர் முதல் பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது. புதியவர் முழுதாக எண்ண வேண்டியதில்லை. ரெஜிஸ்டரிலிருந்து 500 எண்களைக் குலுக்கலில் எடுத்து அடுக்கில் தேடிப் பார்த்தால் போதும்.

கவுண்டர் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. புதியவர் தடுமாறுவது வேறு இடத்தில்: எங்கும் எழுதாத முடிவுகள். தமிழ் நாவலுக்கு வகைப்பாட்டு எண்ணை எதுவரை நீட்டியிருக்கிறார்கள், தலைப்பெழுத்தோடு வரும் ஆசிரியர் பெயரை எப்படிப் பதிகிறார்கள், புக் பேங்க் (பாடநூல் இரவல் திட்டம்) நூலுக்கு கோஹாவில் எந்த ஐட்டம் டைப் (நூல் வகைக் குறி), எந்தத் துறைக்கு இரவல் எத்தனை நாள் கூடுதல். இதற்கு ஒரு நோட்டு போடுங்கள். முடிவு, காரணம், எந்த ஆண்டிலிருந்து, மூன்றும் ஒரே வரியில்.

செயல்முறைக்கு அறுபது பக்கக் கையேடு வேண்டாம், யாரும் படிப்பதில்லை. வேலைக்கு ஒரு பக்கம். எழுதிய நூலகர் வாயே திறக்காமல் பக்கத்தில் நிற்க, உதவி நூலகர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்யட்டும். நின்றுபோகும் இடத்தில்தான் திருத்தம். பிப்ரவரியில் நூலகர் ஒரு வாரம் விடுப்பு எடுக்கட்டும். அந்த வாரம் அவருக்குப் போகும் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்று பொருள். அட்டெண்டரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பைண்டிங்குக்குப் போன இதழ் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது பல இடங்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் மாதம்: முதல் வாரம் அடுக்கும் கவுண்டரும் மட்டும். மூன்று நாள் நூல்களைத் திரும்ப அடுக்கினாலே வகைப்பாட்டுப் பழக்கம் பாதி பிடிபடும். இரண்டாம் வாரம் ஒரே ஒரு பில்லை முழுதாகப் பின்தொடரட்டும்: ஆர்டர், தள்ளுபடி, நாணய மாற்று விகிதம், அக்சஷன், பில்லின் பின்புறம் ரெஜிஸ்டர் பக்கமும் எண்களும், லேபிள், கணக்குப் பிரிவு. மூன்றாவது வாரம் பயிற்சிப் பிரதியில் மாணவர் சேர்க்கை. சி.எஸ்.வி. ஏற்றும்போது யு.டி.எஃப்-8ஆக இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகும், தேதி வடிவம் பொருந்தாவிட்டால் வரிசையே நிராகரிக்கப்படலாம். ஜூலையில் நிஜமாகச் செய்வதற்கு முன் இது நடந்திருக்க வேண்டும். நான்காவது வாரம் நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு அமைப்பு) அறிக்கைக்கான வருகைப் பதிவு, நூல் செலவு, மின்வளச் சந்தா எண்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்பது.

லாகின் தனியாகக் கொடுங்கள். நூலகரின் சூப்பர் லைப்ரேரியன் (கோஹாவில் முழு அதிகாரம்) பாஸ்வேர்டை ஆளுக்காள் பகிர்ந்தால், யார் எதை அழித்தார் என்பதை லாக் சொல்லவே சொல்லாது.

மூன்றாம் ரேக்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இதழ் சந்தா ஜனவரி முதல் டிசம்பர். ஆண்டின் நடுவில் ஆள் மாறுகிறாரே? இன்னொன்று, பழைய தமிழ் நூல் பதிவுகள் சில பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை, தேடினால் வருவதில்லை. புதியவரை வைத்தே சரிசெய்யலாமா?

சிவப்பு மை

சந்தாவுக்கு ஏஜென்டுக்குக் கொடுத்த முன்பணம், வந்த இதழ், வராத இதழ், வராத இதழுக்குக் கிளெய்ம் (கோரிக்கை) அனுப்பிய தேதி, நான்கு கட்டத்தில் மே 31 நிலவரத்தை எடுத்துக் கையெழுத்திடுங்கள். கிளெய்முக்குக் காலவரம்பு உண்டு. ஜூலையில் புதியவர் கண்டுபிடித்தால் தாமதம் என்று மறுப்பார்கள். சரிக்கட்டாத முன்பணம் தணிக்கையில் வரும், அப்போது கேள்வி இருப்பவரிடம்தான்.

சர்வர் ரூம்

பாமினியை முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்பேன். அவை ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடு மாற்றி என்ற மென்பொருளால் மொத்தமாக மாற்ற முடியும். ஆனால் ஒரே பதிவில் தலைப்பு பாமினியிலும் பதிப்பாளர் நிஜ ஆங்கிலத்திலும் இருந்தால், அந்த மென்பொருள் ஆங்கிலத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும். முதலில் ஏற்றுமதி எடுத்து, புலம் வாரியாகப் பிரித்து, 100 பதிவைப் பயிற்சிப் பிரதியில் மாற்றிப் பாருங்கள். எந்த அக்சஷன் எண்ணிலிருந்து எதுவரை பாமினி என்பதை மட்டும் இப்போதே கவுண்டர் 2 சொன்ன நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றை அடித்தவர் இன்னும் பணியில் இருந்தால், அவருக்கு ஆண்டு நினைவிருக்கும்.