கிடுகு எத்தனை நாள் ஊறணும்? பத்து வருஷக் கதை விடுறவங்களுக்கு

வாவிக்கரை:
நேத்து ஒருத்தர் இங்க 1950கள்ல மட்டக்களப்புப் பக்கம் வீடுகள் எப்பிடி இருந்த எண்டு உருகி உருகி எழுதியிருந்தார். மண்சுவர், சாணி மெழுகின திண்ணை, வளவு நிறையத் தென்னை. சரி, ரசிப்பம். நடுவில கூரைக்குப் போடுற கிடுகு, அதான் பின்னின தென்னோலை, அதைப் பத்தி ஒரு வரி: "அந்தக் காலத்துக் கிடுகு மூணு மாசம் ஆத்தில ஊறினது, பத்து வருஷம் தாங்கும்." பத்து வருஷமா? கடக்கரைக் காத்துக்குத் தகரமே அதுக்குள்ள பொத்தல் விழுந்திரும். கிடுகு ரெண்டு மாரி தாங்கினாப் பெரிய விசயம். மூணாம் மாரிக்கு வீட்டுக்குள்ள சட்டி பானை வெக்கணும். மூணு மாசம் தண்ணிக்குள்ள கிடந்த ஓலை கறுத்துப்போய், தூக்கும்போதே ஈர்க்கு வேற, இலை வேறயாக் கழண்டு வரும். கணக்கு மூணு நாள்தான்.

படுவான்கரை:
மூணு மாசம் பொய், ஒத்துக்கிறன். ஆனா மூணு நாள் அதைவிடப் பெரிய பொய். மூணு நாளில ஓலைக்குள்ள இருக்கிற இனிப்புச் சத்து இறங்காது. அது இறங்காட்டிப் பூச்சி வரும், மறுகா கறையான் வரும். பதினஞ்சு நாள்.

வாவிக்கரை:
பதினஞ்சு நாளாம்! குளத்து வண்டல்ல போட்டு மறந்துபோனவங்க சொல்ற கணக்கு அது. எழுவான்கரையில, அதான் வாவிக்குக் கிழக்க கடல் பக்கம், ஆவணி, புரட்டாசியில ஓலை ஊறப்போடுவாங்க. மழை இல்லாத காலம், ஆத்துத் தண்ணி, வாவியைத்தான் சொல்றன், நல்ல உப்பு. அந்த உப்பில மூணு நாள் போதும். வாவிக்கு மேற்க, உங்க படுவான்கரைப் பக்கம் குளத்து நல்ல தண்ணி. அங்க பதினஞ்சு நாள் போட்டா அழுகல் மணம் ஊரைத் தூக்கும். செய்யிற வேலையைச் சொல்றன், கேளுங்க: மட்டையை நடுவால கீறி ரெண்டாக்கணும். அடுக்கிக் கட்டி, மிதக்காம மேல கல்லு வெக்கணும். இதை விட்டா மேல் ஓலை வெயில்ல காஞ்சு, கீழ் ஓலை மட்டும் ஊறும், பின்னும்போது பாதி வெடிக்கும். நாலாம் நாள் எடுத்து நீர் வடியவிட்டு, ஈரம் போகமுதல் பின்னி முடிக்கணும். காஞ்சபிறகு பின்னினா மடிக்கிற இடமெல்லாம் கீறும், அந்தக் கீறலாலதான் ஒழுகும்.

சம்மாந்துறையான்:
காக்காமாரே, அண்ணன்மாரே, ஊறுற நாளை விடுங்க. கூரை ஒழுகுறதுக்குப் பாதிக் காரணம் வேய்ச்சல். சரிவு நீளம் 12 அடி, வீட்டு நீளம் 20 அடி எண்டு வைங்க. கிடுகு 6 அடி, ஒண்டுக்கு மேல ஒண்டு ஒரு அடி ஏறினா ஒரு வரிசைக்கு 4 போகும். 6 அங்குலத்துக்கு ஒரு வரிசை வெச்சா 24 வரிசை, ஒரு பக்கத்துக்கு 96, ரெண்டு பக்கமும் 192. முகட்டுக்கு வேற. காசைப் பாத்து 9 அங்குலத்துக்கு வெச்சா 16 வரிசை, மொத்தம் 128லேயே வேலை முடியும், அந்த மாரியிலேயே ஒழுகவும் தொடங்கும். சரிவு கிடையாப் போனாலும் இதே கதி, தண்ணி ஓடாம ஓலைக்குள்ள நிண்டு ஊறும். குசினிக் கூரையைப் பாருங்க. ஒரே ஓலை, ஒரே நாள் வேய்ஞ்சது, ஆனா புகை பிடிச்சுக் கறுத்துப்போய்க் கூடக்காலம் நிக்கும். புகைக்குப் பூச்சி அண்டாது.

வாவிக்கரை:
அருமையாக் கணக்குப் பாத்தீங்க, நன்றி. ஆனா ஊறின ஓலைதானே புகையில நிக்கும்? மூணு நாள்.

படுவான்கரை:
பதினஞ்சு.

வடமராட்சியான்:
இவ்வளவு சண்டை ஏன்? பனையோலையால வேய்ஞ்சா ஊறப்போடவும் தேவையில்லை, தென்னோலையை விடக் கனகாலம் நிக்கும்.

வாவிக்கரை:
வந்திட்டார். பனையோலைக்கு யாழ்ப்பாணத்தில வேற இழை திறக்கலாமே அண்ணே. இஞ்ச கதை கிடுகு.

வடமராட்சியான்:
கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் பனையே இல்லையோ? கண்ணை மூடிக்கொண்டு எழுதாதையும்.

வாவிக்கரை:
பனை இருக்கு. வேலியிலயும் இருக்கு, வீட்டுக் கைமரத்திலயும் இருக்கு. பனங்கிழங்கு உங்களுக்கு மட்டும் பட்டயம் எழுதித் தந்ததோ? கூரை எண்டா இஞ்ச தென்னோலை. அந்தத் தென்னையும் 1978 கார்த்திகைச் சூறாவளியில சாய்ஞ்சு போச்சு. பிறகு ஓலைக்கு எங்க போற? சீற்றுத் தகட்டுக் கூரை இந்தப் பக்கம் கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம். இது தெரியாம வந்து பனை பாடுறார்.

புதுசாச் சேர்ந்தவன்:
ஒரு கேள்வி. மூணு நாள் எண்டுறவர் மரத்தில இருந்து வெட்டின ஓலையையும், பதினஞ்சு எண்டுறவர் தானா விழுந்த காஞ்ச ஓலையையும் சொல்றீங்களோ? காஞ்சது ஊறக் கூடநாள் எடுக்குமே. "பத்து வருஷம்" எண்டதும் கிடுகையா, கூரையையா? வருஷா வருஷம் பழைய ஓலைக்கு மேல புது ஓலை போட்டா, கூரை பத்து வருஷமும் நிக்கும், கிடுகு ஒண்டும் நிக்காது.

படுவான்கரை:
தம்பி, குறுக்க வராதீங்க. பதினஞ்சு நாள் எண்டு சொன்னது சொன்னதுதான்.

வாவிக்கரை:
அவன் நல்ல பொடியன் போல, கேக்கட்டும். ஆனா ஓலை பச்சையோ காஞ்சதோ, உப்புத் தண்ணியில மூணு நாள். மேல் ஓலை போடுறதும் வேலை தெரிஞ்சவன் செய்ய மாட்டான். அடி ஓலை உக்கிப்போய்க் கிடக்கும், அதுக்கு மேல புதுசு ஏத்தினா பாரம் கூடும், ஓலையைக் கட்டுற குறுக்குச் சலாகை, அதான் வரிச்சு, வளையும், நடுவில பள்ளம் விழும். பள்ளத்தில தண்ணி நிண்டாப் புது ஓலையும் ஒரே மாரியில போகும். பழசு முழுக்கப் பிரிச்சுப்போட்டு வேயணும். கமுகு பிளந்த வரிச்சு, தும்புக் கயிறு. மட்டைப் பக்கம் மேல, இலை நுனி கீழ. இதை மாத்திக் கட்டுற ஆக்களும் இருக்காங்க, இஞ்சயே எழுதுறாங்க.

படுவான்கரை:
யாரைச் சொல்றீங்க?

வாவிக்கரை:
தொப்பி பொருந்தினவர் போடட்டும்.

சம்மாந்துறையான்:
மண்சுவரைப் பத்தி யாரும் பேசல்லியே. கூரை நல்லா இருந்தும் அடிமண் கரைஞ்சா வீடே இல்ல. 1957 மார்கழி வெள்ளத்தைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தண்ணி ஏறினா மண்சுவர் அடியில இருந்து குழைஞ்சு இறங்கும். புத்துமண்ணோட மணலும் வைக்கோலும் அளவாச் சேரல்லியெண்டா, வெள்ளம் வராமலே வெயில்ல வெடிக்கும்.

படுவான்கரை:
சுவர் கதைக்கு இழை வேற. இஞ்ச ஒருத்தர் மூணு நாள் எண்டு பிடிவாதமா நிக்கிறார்.

வடமராட்சியான்:
பனையோலைக்கு அந்தச் சோலியே இல்லை எண்டுதான் முதலே சொன்னனான்.

வாவிக்கரை:
வடமராட்சி ஐயா இன்னும் போகல்லியா? சரி. படுவான்கரைக்குக் கடைசியாச் சொல்றன். பதினஞ்சு நாள் ஊறின ஓலை ஒண்டைக் கையில எடுத்து விரலுக்கிடையில மடிச்சுப் பாருங்க. சத்தம் கேக்கும்.

படுவான்கரை:
மூணு நாள் ஓலையை மடிச்சா இன்னும் பெரிசாக் கேக்கும். பதினஞ்சு.