டூயல் பூட் லேப்டாப்: விண்டோஸில் 6 மணி நேரம், லினக்ஸில் 3கூட இல்லை. புதிது வாங்கலாமா?

அரைச்சார்ஜ்:
வணக்கம். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை) இரண்டும் இருக்கின்றன, பூட் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அலுவலக வேலைக்கு விண்டோஸ், மற்றதெல்லாம் உபுண்டு. விண்டோஸில் ஒரு சார்ஜ் 6 மணி நேரம் நிற்கிறது. அதே வேலை, அதே வெளிச்சம், உபுண்டுவில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் கையை விரித்துவிடுகிறது. வாங்கி இரண்டரை வருடம்தான். வெறுத்துப்போய்ப் புதிது வாங்கலாம் என்று தேடினால் 18 மணி, 20 மணி என்கிறார்கள். அந்தக் கணக்கு லினக்ஸுக்கும் பொருந்துமா? கேம் எதுவும் ஆடுவதில்லை. பிரவுசர், டெர்மினல், கொஞ்சம் வீடியோ, அவ்வளவுதான்.

பழையகெர்னல்:
பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை விடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுக்கும் கணக்கு அது, அதுவும் பெரும்பாலும் விண்டோஸில். பேட்டரி எத்தனை வாட்-மணி, மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 60 வாட்-மணி பேட்டரியில் 6 வாட் இழுத்தால் 10 மணி நேரம், 12 வாட் இழுத்தால் 5. ஓஎஸ் (இயங்குதளம்) மாறினால் மாறுவது இந்த இரண்டாவது எண்தான்.

வாங்குவதற்கு முன் இருப்பதை அளந்து பாருங்கள். மின்செலவைக் காட்டும் பவர்டாப் என்ற கருவியை நிறுவி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். அப்புறம் மேலே எத்தனை வாட் என்று காட்டும். சார்ஜர் செருகியிருந்தால் அந்த வரியே வராது. ஆமாம், தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டா?

அரைச்சார்ஜ்:
14.8 வாட்! எதுவும் திறக்கவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது. பேட்டரி புதிதில் 50 வாட்-மணி, இப்போது முழுசாக ஏற்றினால் 41. தனி கார்டு உண்டு, வாங்கும்போது ‘இருக்கட்டுமே’ என்று வாங்கியது.

பழையகெர்னல்:
அந்த ‘இருக்கட்டுமே’தான் சார்ஜைக் குடிக்கிறது என்று நினைக்கிறேன். விண்டோஸில் வேலை இல்லாதபோது கார்டின் மின்சாரத்தை டிரைவரே முழுசாகத் துண்டித்துவிடும். லினக்ஸில் டிரைவர் சரியாக அமையாவிட்டால் கார்டு சும்மாவே விழித்துக்கொண்டு இருக்கும், திரையில் ஒரு புள்ளிகூட வரையாமல் பல வாட் தின்னும். லினக்ஸ் வன்பொருளின் நிலையைக் காட்டும் சிஸ் (/sys) கோப்புறையில் அந்தக் கார்டுக்கான பவர் பகுதியைத் திறந்து, ‘ரன்டைம் ஸ்டேட்டஸ்’ கோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘சஸ்பெண்டட்’ என்றால் தூங்குகிறது. ‘ஆக்டிவ்’ என்றால் திருடன் அகப்பட்டான்.

ஒற்றைத்திரை:
கூடவே இன்னொன்று. யாரோ சொன்னார்கள் என்று சார்ஜை மிச்சப்படுத்தும் டிஎல்பி மென்பொருளை நிறுவியிருக்கிறீர்களா? உபுண்டுவில் அதே வேலைக்குப் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் ஏற்கெனவே இருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட விட்டால் ஒன்று வைத்ததை மற்றது மாற்றும். ஏதாவது ஒன்று போதும்.

அரைச்சார்ஜ்:
‘ஆக்டிவ்’! டிஎல்பியும் இருந்தது, நீக்கிவிட்டேன். கார்டின் டிரைவரைப் புதிதாக நிறுவி, தேவைப்பட்டால் மட்டும் எழும்படி மாற்றி, மறுபடி பூட் செய்தேன். இப்போது 7.1 வாட். விசிறி நின்றதும் அறை அமைதியாகிவிட்டது, பயந்தே போனேன். கணக்குப்படி ஐந்தே முக்கால் மணி நேரம் வருகிறது.

மெய்நிகரன்:
இதற்கு ஏன் டூயல் பூட்? விண்டோஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் ஆன கணினியில்) லினக்ஸை ஓட்டலாமே.

பழையகெர்னல்:
எப்போதாவது திறப்பவருக்குச் சரி. நாள் முழுக்க லினக்ஸில் இருப்பவருக்கு அது வீண். இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே நேரத்தில் பிராசஸரைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும், அது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவது குறையும்.

அரைச்சார்ஜ், என்றைக்காவது வாங்குவீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். கேம் இல்லை என்றால் தனி கார்டே வேண்டாம், பாதித் தொல்லை அங்கேயே ஒழியும். பேட்டரி 60 வாட்-மணிக்குக் குறையாமல் பாருங்கள். (100 வாட்-மணி தாண்டினால் விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும், அதனால்தான் பெரிய லேப்டாப்கள்கூட 99ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன.) 4கே திரை அழகுதான், ஆனால் சார்ஜில் கை வைக்கும். 2024இல் வந்த இன்டெல் லூனார் லேக் பிராசஸர் குறைந்த வாட்டில் ஓடுவது, ஆனால் ரேம் சிப்போடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. அதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் புதிதாக இருக்க வேண்டும். ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் உள்ள மெஷின்கள் விண்டோஸில் நன்றாகவே சார்ஜ் நிற்பவை. லினக்ஸ் ஆதரவு மாடலுக்கு மாடல் வேறுபடும், டூயல் பூட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முடிந்தால் வாங்கும் முன்பே லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) பூட் செய்து வாட்டைப் பாருங்கள். யுஎஸ்பியில் ஓடும்போது கொஞ்சம் கூடத்தான் காட்டும், இருந்தாலும் மோசமான மெஷின் அங்கேயே தெரிந்துவிடும்.

அரைச்சார்ஜ்:
இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. கடைசியாக ஒன்று: இரவு மூடிவைத்தால் காலையில் 30 சதவீதம் காணோம். பேட்டரியை மாற்ற வேண்டுமா?

ஒற்றைத்திரை:
50இல் 41 என்றால் 82 சதவீதம், பேட்டரி மேல் பழி போடாதீர்கள். அது தூங்கும் முறையில் உள்ள கோளாறு. தூங்கும் முறையைச் சொல்லும் ‘மெம் ஸ்லீப்’ கோப்பில் ‘டீப்’ (ஆழ்ந்த உறக்கம்) என்ற சொல் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். புது மாடல்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. இல்லையென்றால் ஹைபர்னேட்தான் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுசாக அணைவது) வழி. அப்படி எழுத வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடம் ரேமை விடப் பெரிதாக இருக்கட்டும். செக்யூர் பூட் (பூட் ஆகும்போது கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால் உபுண்டு ஹைபர்னேட்டுக்கு விடாது, அதை அணைக்கும் முன் விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, ஒரு ஓஎஸ்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றதில் போய், இரண்டும் பகிரும் பொதுப் பார்டிஷனில் (வட்டின் பகுதியில்) எழுதாதீர்கள், கோப்புகள் கெடும். விண்டோஸை வேகமாகத் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் பாதி ஹைபர்னேட்தான், அதை முதலில் அணையுங்கள்.

அரைச்சார்ஜ்:
‘டீப்’ இருக்கிறது! மாற்றிவிட்டேன். நேற்று இரவு மூடும்போது 91, காலையில் 88.