வெள்ளரி நோய் வாழைக்கு வந்த கதை

வாழைக்காரன்:
திசுவாழைக் கன்று 800 நட்டிருந்தேன். நிலம் சும்மா கிடப்பானேன் என்று நடுவே வெள்ளரி போட்டேன். அந்தக் காசு கைக்கு வந்தது உண்மைதான். நாலாம் மாதம் புது இலைகளில் நரம்பை ஒட்டி வெளிறிய கீற்றுகள். சத்துக் குறைவென்று நினைத்து நுண்ணூட்டம் இரண்டு முறை தெளித்தேன். பச்சை திரும்பவில்லை. மார்கழிக் குளிரில் சில கன்றுகளுக்குக் குருத்தே அழுகிவிட்டது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, நாற்றம் வேறு.

பயிர்நோய் படித்த நண்பர் ஒருவர் வந்தார். வாழையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே வரப்புக்குப் போய்க் கானாவாழைக் களையைப் பிடுங்கிக் காட்டினார். அதிலும் தேமல், வெளிறிய திட்டுகள்! வெள்ளரித் தேமல் வைரஸாம். 1916-ல் அமெரிக்காவில் வெள்ளரியில் கண்டதால் அந்தப் பெயர். மற்றபடி 1,200-க்கு மேற்பட்ட செடியினங்களில் அது குடியிருக்குமாம். செடிக்குச் செடி அதைப் பரப்புவது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியாம்.

"அசுவினிக்குத்தான் மருந்து அடித்தேனே?" என்றேன். சிரித்தார். நோயுள்ள இலையில் அசுவினி சில நொடி வாய் வைத்தாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் வாய் வைத்ததும் இறங்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

தக்காளித் தோட்டம்:
எனக்கும் இதே ஆள்தான், வேறு வேஷத்தில். தக்காளி இலை அகலமே இல்லாமல் நூல் நூலாக நீண்டது. களைக்கொல்லி காற்றில் வந்து பட்டதென்று பக்கத்து வயல்காரரோடு சண்டையே போட்டுவிட்டேன், பாவம். அப்புறம் இலையைச் சோதனைக்குக் கொடுத்ததில் அதே வெள்ளரித் தேமல் வைரஸின் 1பி உட்பிரிவு என்று வந்தது. ஆசியாவில் அதிகம் தென்படும் வகை அது. இந்த வைரஸின் மரபுப்பொருள் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறதாம். ஒரே செடியில் இரண்டு வகை சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதுக் கலவையாக வெளியே வரும். வரப்புக் களைதான் அதற்குச் சந்தை என்று எனக்குத் தோன்றுகிறது. அது சரி, உங்கள் கன்றுகளை என்ன செய்தீர்கள்?

வாழைக்காரன்:
கீற்று தெரிந்ததையெல்லாம் கிழங்கோடு தோண்டி எரித்தேன். அதே குழிகளில் புதுக் கன்று வைத்தேன், வெள்ளரி பக்கமே போகவில்லை. ஆனால் கானாவாழையைக் கொத்தி வரப்பிலேயே போட்டிருந்தேன். ஒரு மழைதான், துண்டுக்குத் துண்டு கணுவில் வேர் விட்டு நிற்கிறது. நேற்று இரண்டு கூடை பொறுக்கினேன், இன்னும் பாதி வரப்பு பாக்கி.