ஒட்டடை எடுக்க வந்த ஹம்மிங்பேர்ட்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வருவது பெரும்பாலும் அன்னா ஹம்மிங்பேர்ட் என்ற, பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைதான். குளிர்காலத்திலும் இங்கேயே தங்கிவிடும் இனம் என்பதால் வருஷம் முழுக்கப் பார்க்கலாம். எடை சுமார் 4 கிராம். ஆனால் பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தொங்கவிடும் ஃபீடரை ஒரு ஆண் பறவை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், இன்னொன்றைப் பக்கத்தில் அண்ட விடாது. எலுமிச்சை மரத்து உச்சிக் கொம்பில் உட்கார்ந்து காவல் காக்கும். அப்போது கழுத்து வெறும் கறுப்பாகத்தான் தெரியும். தலையை இந்தப் பக்கம் திருப்பி வெயில் படும்போது, கழுத்தும் தலையும் பளிச்சென்று ரோஜா நிறத்தில் மின்னும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஃபீடருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் "வெல்லம் போடலாமே, தேன் ஊற்றலாமே" என்பார்கள். கூடாது. வெல்லத்தில் உள்ள இரும்புச்சத்து இந்தப் பறவைகளுக்கு ஆகாது. தேன் கலந்த தண்ணீர் சீக்கிரம் கெட்டுப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவி, புதிதாக ஊற்றிவிடுவேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒட்டடையைப் பற்றி. போன ஜனவரியில் ஒரு பெண் பறவை கூரை விளிம்புக்கு அடியில் அந்தரத்தில் நின்றபடி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. பூச்சி பிடிக்கிறது என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால், சிலந்தி வலையை அலகால் இழுத்து இழுத்துச் சேர்க்கிறது! பஞ்சு போன்ற செடித் தூவிகளை அந்த நூலால் கட்டித்தான் கூடு செய்யும். அரை வால்நட் ஓடு அளவுக்குத்தான் இருக்கும் கூடு. குஞ்சுகள் வளர வளர, சிலந்தி நூல் நெகிழ்ந்து கூடும் அகன்று கொடுக்கும்.

அதிலிருந்து கோடை வரும்வரை அந்தப் பக்கம் ஒட்டடை அடிப்பதில்லை. பூச்சிமருந்தும் தெளிப்பதில்லை, குஞ்சுகள் வளரச் சின்னப் பூச்சிகள் கட்டாயம் வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் மட்டும் போதாது. அப்புறம், இங்கே பலர் மரம் கழிப்பதும் ஜனவரி, பிப்ரவரியில்தான். கத்தரி வைக்கும் முன் ஒவ்வொரு கிளையையும் நன்றாகப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி குற்றமும்கூட. எங்கள் தோட்டக்காரரிடம் எலுமிச்சை மரத்தை மே மாதத்துக்குத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன்.