மேலே கீழே இரண்டு எண்டோஸ்கோப்பியும் நார்மல், இப்போது கேமரா மாத்திரை விழுங்கச் சொல்கிறார்கள்

வைகைக்கரை:
அம்மாவுக்கு 63 வயது. ஆறு மாதமாக ரத்தம் குறைந்துகொண்டே இருக்கிறது. ஹீமோகுளோபின் 6.4-க்கு இறங்கி இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம், இப்போது திரும்பவும் 8. வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமே இல்லையாம். கேப்சூல் எண்டோஸ்கோப்பி செய்யலாம் என்கிறார் டாக்டர். செலவைக் கேட்டதும் தலை சுற்றியது. ஸ்கேன் போதாதா? அது உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஸ்கோப்ரூம்:
எண்டோஸ்கோப்பி பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. மேலிருந்து விடும் குழாய் சிறுகுடலின் ஆரம்பத்தோடு நின்றுவிடும், கீழிருந்து விடுவது அதன் கடைசிச் சில அங்குலம் வரைதான் போகும். நடுவில் கிட்டத்தட்ட 6 மீட்டர் குடலை யாரும் பார்க்கவே இல்லை, அதனால் 'நார்மல்' என்றதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். சி.டி. ஸ்கேனில் கட்டி, சுருக்கம் தெரியும். ஆனால் குடலின் உள்சுவரில் தட்டையாகப் படர்ந்து லேசாகக் கசியும் ரத்தக்குழாய்ப் புள்ளிகள் பெரும்பாலும் அதில் சிக்காது.

மாத்திரை 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம். வயிற்றைச் சுற்றி பெல்ட், இடுப்பில் ஒரு ரெக்கார்டர், அவ்வளவுதான். நொடிக்கு 2 படம் என்று எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் படத்துக்கு மேல் வரும், டாக்டர் உட்கார்ந்து அத்தனையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முந்தின நாள் இரவிலிருந்து சாப்பாடு கிடையாது. இரும்பு மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கட்டாயம் கேளுங்கள், நிறுத்தாமல் வந்தால் குடல் முழுக்கக் கருப்பாகப் பூசியது போல இருக்கும், எதையும் பார்க்க முடியாது.

அப்புறம், வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா?

மலைக்கோட்டை77:
மாட்டிக்கொள்ளுமா என்று கேட்டீர்களே, எங்கள் மாமாவுக்கு மாட்டியது. சாப்பிட்டால் வயிறு உப்பி முறுக்கி வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், பார்த்த இடத்தில் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் அதே இடத்தில் இருக்கிறது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குடலில் டி.பி. வந்து சுருங்கியிருந்தது. ஒரு வேடிக்கை, அது மாட்டியதால்தான் நோயே தெரிந்தது. சுருக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் கேமரா இல்லாத, தானாகக் கரையும் மாத்திரை ஒன்றைக் கொடுத்து வழி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், எங்களுக்கு அது பிறகுதான் தெரிய வந்தது.

ஸ்கோப்ரூம்:
ஆமாம், வயிறு உப்பி முறுக்கும் வலி, பழைய டி.பி., வயிற்றில் ஆபரேஷன், கிரோன்ஸ் நோய் (குடல் நாள்பட்டு வீங்கிப் புண்ணாவது) இதில் எது இருந்தாலும் விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு மாட்டுவது அபூர்வம். வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. பக்கமே போகக்கூடாது. இன்னொன்று, இது பார்க்க மட்டும்தான். பரிசோதனைக்குச் சதை எடுக்கவோ கசிவை அடைக்கவோ முடியாது, ஏதாவது தெரிந்தால் பலூன் வைத்த நீளக் குழாயோ ஆபரேஷனோ தேவைப்படலாம், பட்ஜெட்டில் அதையும் யோசித்து வையுங்கள்.

கடலைமிட்டாய்:
சம்பந்தமில்லாத தகவல்: இந்தக் கேமரா மாத்திரையை யோசித்த காவ்ரியேல் இடான் என்பவர் இஸ்ரேலில் ஏவுகணைகளுக்கான கேமரா வேலையில் இருந்த இன்ஜினியர். அமெரிக்காவில் 2001-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

வைகைக்கரை:
வலி மாத்திரை பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றும் இல்லடா" என்றார். தங்கைதான் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாகவே வாங்கியது, தினமும் இரண்டு மாத்திரை, மூன்று வருடமாகச் சாப்பிடுகிறார். எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

ஸ்கோப்ரூம்:
அந்த வலி மாத்திரையே சிறுகுடலில் புண் ஆக்கும், நாள்பட்டால் சுருக்கமும் வரும். அட்டையோடு டாக்டரிடம் போங்கள், கேப்சூல் தேதி அப்புறம்.