படலம் கறுத்துவிட்டது, ஒளிமின்னோட்டம் இறங்கிவிட்டது: உதவி தேவை

கேள்வி (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்):
வணக்கம். எப்.ரி.ஓ. கண்ணாடியில் (மின்னைக் கடத்தும் வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சுள்ள கண்ணாடி) தைத்தானியம் ஈரொட்சைட்டு நானோ துணிக்கைகளைப் பூசி, காற்றில் 450 பாகையில் சுட்டேன். பிறகு சோடியம் போரோஐதரைட்டுத் தூளோடு ஆகன் ஓட்டத்தில் 350 பாகையில் சூடாக்கினேன். வெள்ளைப் படலம் கருஞ்சாம்பல் ஆனது. ஒட்சிசன் வெற்றிடங்கள் (ஒட்சிசன் அணு விட்டுப்போன இடங்கள்) வந்துவிட்டன என்று நினைத்தேன். ஆனால் ஒளியால் நீரைப் பிரிக்கச் சோடியம் சல்பேற்றுக் கரைசலில் வைத்து அளந்தால், வெள்ளைப் படலத்தைவிட மின்னோட்டம் குறைவு. என்ன காரணம்?

மறுமொழி 1:
தங்கச்சி, நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வெள்ளைத் தைத்தானியாவின் (தைத்தானியம் ஈரொட்சைட்டு) பட்டை இடைவெளி, அதாவது இலத்திரனைக் கிளப்பத் தேவையான சக்தி, 3.2 இலத்திரன்வோற்று, ஏறத்தாழ 388 நானோமீற்றருக்கு மேலுள்ள ஒளி அதற்கு உதவாது. வெற்றிடங்கள் அந்த இடைவெளிக்குள் மட்டங்களை உண்டாக்குவதால் கூடுதல் ஒளி உறிஞ்சப்பட்டு நிறம் கறுக்கிறது. மேற்பரப்பில் அளவாக இருந்தால் அவை நல்லவை. துணிக்கையின் உள்ளே இறங்கினால் ஒளி கிளப்பிய இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் அங்கேயே சேர்ந்து அழியும், நீர் வரை எதுவும் வராது.

இழப்பு எங்கே என்று பார்க்க, அதே கரைசலில் கொஞ்சம் சோடியம் சல்பைற்று சேர்த்து அளந்து பாருங்கள். அது துளைகளை உடனே வாங்கிக்கொள்ளும். மின்னோட்டம் நன்றாக ஏறினால் சிக்கல் மேற்பரப்பில். அசையாவிட்டால் உள்ளே. மெதனோல் வேண்டாம், அது ஒரு துளைக்கு இரண்டு இலத்திரன் தந்து அளவைப் பெருக்கிக் காட்டும்.

மறுமொழி 2:
முதலில் கண்ணாடியைப் பாருங்கள். பூச்சில்லாத ஓரத்தில் மல்ரிமீற்றரை வைத்து, சூடாக்காத துண்டோடு ஒப்பிடுங்கள். தைத்தானியாவைத் தாழ்த்தும் (ஒட்சிசனைப் பறிக்கும்) பொருள் கண்ணாடியில் உள்ள வெள்ளீய ஒட்சைட்டையும் தாழ்த்தலாம். அப்புறம், படலத்தைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்தால் எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இருவருக்கும். கண்ணாடியின் தடை மாறவில்லை. சல்பைற்றுப் போட்டும் மின்னோட்டம் கொஞ்சம்தான் ஏறியது.

மறுமொழி 1:
சரி, அப்படியென்றால் வெற்றிடம் ஆழமாகப் போய்விட்டது. புதுப் படலத்தை 300 பாகையில், குறைந்த நேரம் சூடாக்குங்கள். மங்கலான சாம்பல் போதும். வெளிவரும் ஐதரசனைக் குழாயால் வெளியே விடுங்கள். கரண்ட் நின்றாலும் உலை 100 பாகைக்குக் கீழே வரும்வரை ஆகனை மூட வேண்டாம். சூட்டோடு காற்றுப் பட்டால் மேற்பரப்பு வெற்றிடங்கள்தான் முதலில் போகும்.