தூள் உறிஞ்சும் லைனுக்கு ஜி.ஐ. தகரமா, பி.வி.சி.யா?

காரைக்குடி_இழைப்புளி
வீட்டுப் பின்கட்டில் 20க்கு 12 அடியில் தச்சுப் பட்டறை. டேபிள் சா (மேசை ரம்பம்), 12 அங்குல பிளேனர் (இழைப்பு மிஷின்), பேண்ட் சா (பட்டை ரம்பம்) இருக்கின்றன. மூலையில் 2 எச்.பி. தூள் உறிஞ்சி. இரண்டு சுவரை ஒட்டி 32 அடி மெயின் லைன் ஓட வேண்டும். முக்கால்வாசி வேலை, பழைய வீடு பிரித்த பர்மா தேக்கில். 160 மி.மீ. பி.வி.சி. போடலாமா, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரத்தில் அடிக்கலாமா?

தேவகோட்டை_ரம்பம்
தகரம் போடுங்கள். பிரித்த தேக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கும் தூணிலும் நிலையிலும் தலை முறிந்த ஆணி புதைந்து கிடக்கும், மேலே பாலிஷ் மூடியிருக்கும். ரம்பப் பல் அதில் பட்டால் பொறி நேரே குழாய்க்குள்தான் போகும். தூளில் தீ பிடித்தால் பி.வி.சி. இளகிக் கருகி, தொண்டையை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும். தகரம் தாங்கும்.

தடிமன் 0.63 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஏசி டக்டுக்குப் போடும் மெல்லிய தகரம் காற்றை ஊதுவதற்கு ஆனது, இங்கே நடப்பது உறிஞ்சல். எல்லா கேட்டையும் (ஒவ்வொரு மிஷினின் கிளைக்குழாயையும் திறந்து மூடும் தகடு) மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் மெல்லிய குழாய் அப்படியே உள்ளே நசுங்கிவிடக்கூடும்.

பள்ளத்தூர்_உளி
அண்ணே, பொறி குழாயில் எங்கே நிற்கப்போகிறது? லைனில் காற்று வினாடிக்கு 20 மீட்டர் ஓடினால் 32 அடியை அரை வினாடியில் கடந்து சீவல் பையில் விழும். தீ கனிவது அந்தப் பையில். குழாய் எதுவானாலும் அது நடக்கும். பைக்குப் பதில் இரும்பு டிரம் வையுங்கள், சாயங்காலம் டிரம்மை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், ரம்பத்தில் ஏற்றும் முன் மெட்டல் டிடெக்டரால் மரத்தைத் தடவிப் பாருங்கள். காசை அங்கே போடுவதுதான் சரி.

பி.வி.சி.யில் நிலைமின்சாரம் வந்து வெடிக்கும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நுண்தூள் வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராமாவது மிதக்க வேண்டும். 6 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 22 கன மீட்டர் காற்று போகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 900 கிராம் அளவுக்கு மாவு மாதிரித் தூள் விழ வேண்டும். வீட்டுப் பட்டறையில் எந்த மிஷினும் அவ்வளவு தராது.

160 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாய், ஏ வகை, சுவர் 3.2 மி.மீ. உள் விட்டம் ஏறக்குறைய சரியாக 6 அங்குலம். இந்த உறிஞ்சலுக்கு நசுங்காது. பசை போடாமல் ரப்பர் வளையத்தோடு சொருகினால், அடைத்தபோது கழற்றிக்கொள்ளலாம்.

தேவகோட்டை_ரம்பம்
வெடிக்கும் கணக்கை ஏற்கிறேன் தம்பி, குழாய்க்குள் அது நடக்காது. ஆனால் உங்கள் அரை வினாடிக் கணக்கு முழு வேகத்தில் மட்டுமே செல்லும். பேண்ட் சாவின் 4 அங்குல வாய் மட்டும் திறந்திருந்தால் அதில் வருவது 350 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 350 கன அடி). அதே காற்று 6 அங்குல மெயினுக்கு வந்ததும் வேகம் நிமிடத்துக்கு 1,780 அடிக்கு இறங்கிவிடும். தூள் படியாமல் ஓட 4,000 அடி வேண்டும். ஆக மெயினில் தூள் படுக்கும், பொறியும் அதன்மேல் படுக்கும். தீ கனிய அந்த இடம் போதும்.

அடுத்தது பெண்டு, அதாவது மூலையில் திருப்பும் வளைவுக் குழாய். கடையில் கிடைக்கும் 87.5 டிகிரி பெண்டு கழிவுநீருக்கு ஆனது, வளைவு ரொம்பக் குறுகல். நீளச் சீவல் அங்கேதான் கட்டிக்கொள்ளும். தகரத்தில் நடுக்கோட்டு ஆரம் 9 அங்குலம் வைத்து ஐந்து துண்டுப் பெண்டு அடிக்கலாம்.

இன்னொன்று, ஷாக். செட்டிநாட்டு வெயில் காலத்து வறட்சியில் பி.வி.சி. நன்றாகவே சார்ஜ் ஏறும். ஆளைக் கொல்லாது. ஆனால் ஓடுகிற ரம்பத்தின் பக்கத்தில் முழங்கை சுள்ளென்று பட்டுக் கை உதறினால் என்ன ஆகும்?

பள்ளத்தூர்_உளி
பெண்டுக்கு வழி உண்டு: இரண்டு 45 டிகிரி பெண்டு, நடுவே ஓரடி நேர்க்குழாய். கிளை பிரிக்க T வடிவ ஜாயிண்ட் (டீ) கூடாது, 45 டிகிரி Y வடிவம் (ஒய்) மட்டும். வேகம் குறைகிற இடத்தில் இரண்டாவது கேட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டால் மெயினுக்குக் காற்று வந்துவிடும். நீங்கள் சொன்ன தூள் படியும் பிரச்சினை தகரத்திலும் அப்படியேதான் வரும்.

கானாடுகாத்தான்_பட்டாலை
சுவரைப் பற்றி இருவருமே பேசவில்லை. பழைய பின்கட்டு என்றால் சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும். அதில் துளை போட்டால் ஓரம் பெயர்ந்து வரும், அந்த வழவழப்பைத் திரும்பப் பூசுவது லேசில்லை. உத்திரத்திலிருந்து பட்டைக் கம்பியில் தொங்கவிடுங்கள். தகரம் பாரம் என்று பயப்பட வேண்டாம்: 8 அடிக் குழாய் 0.63 தகரத்தில் 6 கிலோ, அந்த 160 பி.வி.சி.யில் ஐந்தரை கிலோ.

தகரம் என்று முடிவானால் அரிசி ஆலைக்கு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) அடித்துத் தருபவரிடம் போங்கள், ஏசி டக்ட் ஆளிடம் வேண்டாம். தவிட்டை உறிஞ்சும் லைன் அவருக்குக் கைவந்த வேலை. 6 அங்குலக் குழாய்க்குச் சுற்றளவு 479 மி.மீ., மடிப்புக்குச் சேர்த்து 505 வெட்ட வேண்டும். 8க்கு 4 அடி ஷீட் ஒன்றில் நாலடிக் குழாய் நான்கு வரும், அதாவது 16 அடி. உங்கள் 32 அடிக்கு 2 ஷீட், பெண்டுக்கும் ஒய்க்கும் மூன்றாவது.

சொருகும் திசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுருக்கிய முனை எப்போதும் உறிஞ்சியைப் பார்த்து, அடுத்த குழாய்க்குள் போக வேண்டும். மாற்றிச் சொருகினால் உள்ளே நிற்கும் விளிம்பில் சீவல் மாட்டும். ஸ்க்ரூ முனையிலும் மாட்டும், அதனால் ஜாயிண்ட்டுக்கு 3 பாப் ரிவெட். மேலே சிலிக்கான், அதன்மேல் அலுமினிய டேப். துணி டேப் இந்தச் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். மடிப்பு மேல்பக்கம் வரட்டும், தூள் உருளுவது அடியில்.

பள்ளத்தூர்_உளி
சிலிக்கான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாயிண்ட்டுக்குள் அது புகுந்தால் மின்தொடர்பு அறுந்துபோகலாம். எர்த் இல்லாமல் தனித்து நிற்கும் தகரத் துண்டு பி.வி.சி.யை விட மோசம்: சார்ஜை முழுக்கச் சேர்த்து வைத்து ஒரே பொறியில் கொட்டும். தகரம் போட்டாலே எர்த் ஆகிவிட்டது என்ற நம்பிக்கை ஆபத்து.

தேவகோட்டை_ரம்பம்
அது சரியான எச்சரிக்கை. அதற்காகத்தான் ரிவெட்டை முதலில் அடித்து, சிலிக்கானை வெளியே மட்டும் இழுக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் மிஷின் உடம்பிலிருந்து உறிஞ்சி உடம்பு வரை பாருங்கள். முள் அசையாத ஜாயிண்ட்டில் இரு பக்கமும் காப்பர் கம்பி பாலம். வளையும் ஹோஸுக்குள் ஓடும் ஸ்பிரிங் கம்பியை இரு முனையிலும் உரித்து, ஒன்றைக் குழாயோடும் மற்றதை மிஷினோடும் இறுக்குங்கள். பி.வி.சி.க்கு வெளியே சுற்றும் கம்பி அது தொடும் இடத்தை மட்டும்தான் காக்கும், பிளாஸ்டிக் முழுவதையும் எர்த் செய்ய வழியே கிடையாது.

காரைக்குடி_இழைப்புளி
தகரம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹோஸ் எவ்வளவு நீளம் விடலாம்?

பள்ளத்தூர்_உளி
மூன்றடிக்கு மேல் வேண்டாம், அதன் வரிகள் காற்றைப் பிடித்து இழுக்கும். பிளேனரை உறிஞ்சிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 2 எச்.பி.யில் 6 அங்குலத்துக்கு வேண்டிய 785 சி.எஃப்.எம். கிடைப்பதே இழுபறி, அதிகச் சீவல் தள்ளும் மிஷினை 32 அடி தள்ளி வைத்தால் தகரமும் காப்பாற்றாது. உறிஞ்சியில் காற்று வெளியேறும் பையையும் 1 மைக்ரான் வடிகட்டியாக மாற்றுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சேர்த்துவிட்டது. தேக்குத் தூள் தோலையும் மூச்சையும் சேர்த்தே படுத்தும்.